நட்பும் விசுவாசமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





சங்கத்தின் செயலாளர் அவர்கள் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் இல்லத்துக்கு எழுந்தருளி, "சென்ற ஆண்டு குகனையும் இராமனையும் பற்றிக் கேட்டோம். இவ்வாண்டு உங்கள் முறை. கிறிஸ்தவ சமுதாயத்தில் நட்பும் விசுவாசமும் என்று பேசுங்கள்" என்று பணித்தார். நான் தயங்கினேன். நான் மறைநூல் கற்றவன் அல்லேன். மேடைப் பேச்சாளனும் அல்லேன். முப்பத்தாறு ஆண்டுகள் மத்திய சர்க்காரின் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன். கோப்புக்குக் குறிப்பு எழுதிய கை கட்டுரைக்கு எளிதில் வளைவதில்லை. ஆயினும் என் மனைவி காபியை அவர் முன் வைத்துவிட்டு, "ஒப்புக்கொள்ளுங்கள்" என்று கூறிவிட்டபடியால், வேறு வழியின்றி உங்கள் முன் நிற்கின்றேன்.

தலைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கின்றது. விசுவாசம் என்னும் சொல் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்களின் வாயில் கடவுள் மீதுள்ள நம்பிக்கையைக் குறிக்கும். "அவர் நல்ல விசுவாசி" என்றால் ஆலயத்துக்குத் தவறாமல் வருபவர் என்று பொருள். ஊரின் ஏனைய மக்கள் வாயிலோ அச்சொல் உப்பிட்டவனுக்கு உண்மையாயிருத்தலைக் குறிக்கும். நாயின் விசுவாசம் என்கிறோம் அல்லவா? ஒரே சொல் கோயிலுக்குள் ஒரு பொருளும் கோயிலுக்கு வெளியே மற்றொரு பொருளும் தருவது விந்தை. முதற்பொருளில் விசுவாசியாக இருப்பவன் இரண்டாம் பொருளில் அப்படி இல்லாமற்போவதும் உண்டு. அதைப்பற்றி நான் சற்றுப் பின்னர் கூறுவேன். என் சொந்த அனுபவம் அது.

வேதாகமத்தில் நட்புக்கு இலக்கணமாக யாவரும் எடுத்துக்காட்டுவது தாவீதும் யோனத்தானும். யோனத்தான் சவுல் ராஜாவின் மகன், அரியணைக்கு உரியவன். தாவீது ஆடு மேய்த்தவன். அந்த அரசகுமாரன் தான் அணிந்திருந்த மேலாடையையும், வாளையும் வில்லையும் கழற்றி ஆட்டிடையனுக்குக் கொடுத்தான் என்று சாமுவேலின் முதலாம் புத்தகம் கூறுகின்றது. சிறுவயதில் ஓய்வுநாட் பள்ளியில் இதைப் படித்தபோது, ஏதோ பரிசு கொடுத்தான் என்று எண்ணிக்கொண்டேன். தனக்கு வரவேண்டிய இடத்தையே விட்டுக் கொடுத்தான் என்பது பிற்காலத்திலேதான் விளங்கிற்று.

இப்படி இடம் விட்டுக் கொடுத்த ஒருவரின் வரலாறு நாம் குடியிருக்கும் இந்தத் தில்லி மாநகரிலேயே நிகழ்ந்தது. காஷ்மீரி கேட் வழியாக நம்மில் எத்தனையோ பேர் சென்றிருப்போம். அங்கே செந்நிறத்தில் ஒரு பழைய கட்டடம் உண்டு. 1881-இல் தோன்றிய புனித ஸ்டீபன் கல்லூரி, 1941-இல் பல்கலைக்கழக வளாகத்துக்கு இடம் பெயரும் வரையில் அக்கட்டடத்திலேதான் நெடுங்காலம் நடைபெற்று வந்தது. அக்கல்லூரியில் 1886 முதல் ஆசிரியராயிருந்தவர் சுசீல் குமார் ருத்ரர். வங்காளி, இந்து மதத்திலிருந்து கிறிஸ்தவரான தந்தைக்கு மகன். நம்மைப்போலவே பிற மாகாணத்திலிருந்து தில்லிக்கு வந்து சேர்ந்தவர். மனைவியை இளவயதிலேயே இழந்து, தாயில்லாக் குழந்தைகளைத் தாமே வளர்த்தவர். அதிகம் பேசாதவர்.

1904-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜிலிருந்து அக்கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார் சார்லஸ் பிரீயர் ஆண்ட்ரூஸ். பிற்காலத்தில் தீனபந்து என்று இந்நாடு போற்றிய அதே ஆண்ட்ரூஸ். வரும்போது அவர் ஏனைய ஆங்கிலேயரைப் போலவே வந்தார். ருத்ரரின் வீட்டில் உட்கார்ந்து, அவருடன் உணவருந்தி, அவர் வாயிலாக இந்தியாவைக் கற்றுக்கொண்டார். தம்மை இந்தியராக்கியவர் ருத்ரரே என்று அவர் பிற்காலத்தில் பலமுறை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

1906-இல் கல்லூரி முதல்வர் பதவி காலியாயிற்று. வந்து இரண்டே ஆண்டுகளான ஆண்ட்ரூஸுக்கு அப்பதவி அளிக்கப்படவிருந்தது. ஆங்கிலேயர், கேம்பிரிட்ஜில் கற்றவர், வேறென்ன தகுதி வேண்டும்? இருபது ஆண்டுகள் பணிபுரிந்த ருத்ரர் இருக்கையில் தாம் அப்பதவியை ஏற்பதில்லை என்று ஆண்ட்ரூஸ் மறுத்துவிட்டார். அந்நாளில் அது எளிதான காரியமன்று. ஓர் இந்தியரின் கீழ் ஐரோப்பிய ஆசிரியர்கள் பணியாற்றுவதா, பெற்றோர் பிள்ளைகளை அனுப்புவார்களா என்றெல்லாம் மேலிடத்தில் ஐயங்கள் எழுந்தன. ஆண்ட்ரூஸ் விடவில்லை. ருத்ரர் முதல்வரானார். அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் அவரே. 1923 வரையில் பதினேழு ஆண்டுகள் அப்பொறுப்பை வகித்தார்.

அலுவலகங்களில் வேலை பார்த்த அன்பர்கள் இங்கே பலர் இருக்கின்றீர்கள். பதவி உயர்வுப் பட்டியலில் தம் பெயர் மேலே இருக்கையில், "எனக்கு வேண்டாம், எனக்கு முன்னால் வந்தவருக்குக் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுத்தவரை உங்கள் ஆயுளில் கண்டதுண்டா? நான் கண்டதில்லை. எழுதிக் கொடுத்ததும் இல்லை.

ருத்ரரும் தம் பங்குக்கு வாங்கிக் கொள்பவராக மட்டும் இருந்துவிடவில்லை. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி வந்த 1915-ஆம் ஆண்டு தில்லியில் தங்கியது ருத்ரரின் இல்லத்திலேதான். அனுப்பி வைத்தவர் ஆண்ட்ரூஸ். அவர் உள்ளத்தில் வைத்து வணங்கிய மூவர் உண்டு: இரவீந்திரநாத தாகூர், பின்னாளில் சுவாமி சிரத்தானந்தர் ஆன மகாத்மா முன்ஷிராம், ருத்ரர். இம்மூவரையும் காணும்படி காந்தியடிகளிடம் அவர் கூறியிருந்தார். பிறகு 1920-ஐ ஒட்டிய கொந்தளிப்பான நாட்களில், கிலாபத் கோரிக்கையைப் பற்றி வைசிராய்க்குக் காந்தியடிகள் எழுதிய பகிரங்கக் கடிதம் உருவானது ருத்ரரின் கூரையின் கீழேயே. ஒத்துழையாமை இயக்கமும் அக்கூரையின் கீழ் கருக்கொண்டதே என்று காந்தியடிகளே எழுதியிருக்கிறார். சர்க்காரின் தயவை நாட வேண்டிய ஒரு கல்லூரியின் முதல்வர், சர்க்காரை எதிர்ப்பவருக்கு வீட்டைத் திறந்து வைத்தார். தம்மால் இவருக்குத் தீங்கு வருமோ என்று விருந்தினர் கவலைப்பட்டபோதும், வீட்டுக்காரர் அசையவில்லை. 1925-இல் ருத்ரர் சோலனில் காலமானபோது, காந்தியடிகள் தம் பத்திரிகையில் அவரைப் பற்றி எழுதிய இரங்கலுரையிலிருந்தே இவற்றை நாம் அறிகின்றோம். அவர் எழுதியிராவிட்டால் ருத்ரர் வாய் திறந்து சொல்லியிருக்கப் போவதில்லை.

தமிழராகிய நாம் ஆண்ட்ரூஸுக்குத் தனியே கடன்பட்டவர்கள். 1914 சனவரியில் அவர் தென்னாப்பிரிக்காவில் கப்பலிலிருந்து இறங்கியபோது, அங்கே ஒப்பந்தக் கூலிகளாய் உழன்று சிறை சென்றவர்களில் பெரும்பகுதியினர் நம்மவர். 1915-இல் பீஜித் தீவுக்கும் சென்று கரும்புத் தோட்டங்களின் அவலத்தை உலகறியச் செய்தார். அது பெரிய கதை. இன்று நேரம் போதாது. ஒன்றை மட்டும் கூறிவிடுகின்றேன். இத்தகைய ஆண்ட்ரூஸ், 1921-இல் அந்நியத் துணிகளைத் தீயிலிட்டபோது காந்தியடிகளையே கண்டித்து எழுதினார். காந்தியடிகளும் அக்கண்டனத்தை மறைக்காமல் தம் பத்திரிகையில் வெளியிட்டு விடை கூறினார். நண்பன் வழி தவறுவதாகத் தோன்றும்போது முன்சென்று கடிந்துகொள்வதும் நட்பின் தொழில் என்று வள்ளுவர் பெருமான் வகுத்திருக்கிறார் அல்லவா?

இனி வேறோர் ஊருக்குச் செல்வோம். நாம் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் வாரங்கல்லைக் கடந்து கம்மம் நோக்கி ஓடுகின்றன. இடையில் தோர்ணக்கல் என்றொரு சந்திப்பு நிலையம் வருகின்றது. பலர் உறக்கத்திலிருப்போம், அல்லது புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொண்டிருப்போம். நானும் நாற்பது முறையேனும் அப்படிக் கடந்திருப்பேன். அவ்வூரில் ஒரு தமிழர் உறங்குகின்றார் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. இத்தனைக்கும் அவர் எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பது அவர் பெயர். 1874-இல் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் ஒரு குருவானவரின் மகனாய்ப் பிறந்தார். ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் ஊழியராகத் தென்னாடெங்கும் சுற்றினார். 1896-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்வுட் எட்டி என்பவர் அவருக்கு அப்பணியில் தோழரானார். இருவரும் சேர்ந்து ஊர் ஊராய்ச் சென்றார்கள். எட்டி செல்வக் குடும்பத்தவர். சம்பளம் வாங்காமல் தம் பொருளிலேயே வாழ்ந்தவர். சம்பளம் கொடுக்கும் வெள்ளைக்காரர், சம்பளம் பெறும் இந்தியர் என்னும் உறவு அவ்விருவரிடையே இல்லாதிருந்ததே அவர்கள் நட்பு வேரூன்றக் காரணம் என்று எனக்குத் தோன்றுகின்றது. இது என் ஊகம், வரலாற்றாசிரியர்கள் மன்னிப்பார்களாக.

1902-இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பொருளைச் சேர்த்துத் தாங்களே பிற இடங்களுக்கு ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். வெட்கமும் ஊக்கமும் ஒருங்கே உண்டாயின. அடுத்த ஆண்டே, 1903-இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. வெளிநாட்டுப் பணமின்றி, பனையேறிகளும் சிறு விவசாயிகளும் கொடுத்த காசில் நடந்த சங்கம் அது. அச்சங்கம் பணிக்குத் தெரிந்தெடுத்த இடமே நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கல். பிறரை அனுப்பிக் கொண்டிருந்த அசரியா, 1909-இல் நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டுத் தாமே அங்கே சென்றார். தெலுங்கு கற்றார்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1910 ஜூன் மாதம், எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடிற்று. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள். அவர்களில் ஆசியர் இருபது பேர் அளவில்தான். முப்பத்தைந்து வயதான அசரியா மேடையேறினார். வெளிநாட்டு ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் ஒத்துழைப்பது எப்படி என்பது அவருக்குத் தரப்பட்ட பொருள். இனிப்பாக நான்கு வார்த்தை கூறிவிட்டு இறங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. மிஷனெரிமாரின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை, நன்றியோடு போற்றினார். ஆனால் எஜமானுக்கும் பணியாளுக்கும் உள்ள உறவே மிஞ்சியிருக்கின்றது, ஒன்றாய் உட்கார்ந்து உண்ணும் உறவு அரிதாயிருக்கின்றது என்று வெளிப்படையாய்க் கூறினார். பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு அன்பைக் குறித்து எழுதிய அதிகாரத்தை நினைவூட்டி, தியாகத்தைக் கண்டோம், இனி நட்பையும் கேட்கின்றோம் என்னும் வேண்டுகோளோடு முடித்தார்.

சபையில் சலசலப்பு எழுந்தது. சிலர் சினந்தார்கள். சோறிட்டவனையே குறை கூறுகின்றானே என்று எண்ணியிருப்பார்கள். ஐயா, நான் கேட்கின்றேன்: அந்நாள் அவர் வாய் மூடியிருந்தால் அது விசுவாசமா? வாய் திறந்தது விசுவாசமா? அவரைப் பேசத் தூண்டியவர்களில் ஒருவர் அப்போது சென்னை அத்தியட்சராயிருந்த ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் ஆங்கிலேயர். மாநாட்டில் எழுந்த சினத்தைக் கண்டு அவர் கையை விலக்கிக் கொள்ளவில்லை. அசரியாவை அத்தியட்சராக்க வேண்டுமென்று வாதாடினார். ஐரோப்பியரிடையே எதிர்ப்பு இருந்தது. நம்மவரிடையேயும் இருந்தது, சாதி என்னும் நோய் ஞானஸ்நானத் தண்ணீரில் முற்றும் கரைந்துவிடவில்லை என்பதை ஒளிக்காமல் கூறுவதே நல்லது. எல்லாவற்றையும் மீறி, 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அசரியா அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் அத்தியட்சரானது அதுவே முதன்முறை.

எட்டியின் நட்பு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 1919-இல் தரங்கம்பாடியில், பிரிந்து கிடந்த சபைகளை ஒன்றாக்கும் பொருட்டு முப்பத்துமூன்று பேர் கூடினார்கள். அசரியா முன்னின்றார். இருவர் தவிர ஏனையோர் யாவரும் இந்தியர். அவ்விருவரில் ஒருவர் எட்டி. இந்தியர் முன்னிற்க, அவர்களோடு ஒருவராய்ப் பக்கத்தில் அமர்ந்து கையெழுத்திட்ட அமெரிக்கர். அன்று இட்ட வித்து 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையாக முளைத்தது. அதைக் காண அசரியா இல்லை. 1945-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் தோர்ணக்கல்லில் மறைந்தார். அவர் கட்டிய பேராலயம் அங்கே நிற்கின்றது. கோயில் தூண்களின் சாயலும் மசூதியின் சாயலும் கலந்த கட்டடம். அடுத்த முறை ரயிலில் செல்லும்போது வாரங்கல் கடந்ததும் விழித்திருங்கள்.

அன்பர்களே, பெரியோர் கதையைக் கூறிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் இவற்றைப் படித்துக் குறிப்பெடுக்கையில் என் மனம் ஒரு நாற்காலியின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது. அதையும் கூறிவிடுகின்றேன்.

நான் தில்லிக்கு வந்த புதிதில் கரோல்பாக்கில் ஒரு பர்சாத்தியில் குடியிருந்தேன். அதே அறையில் எங்கள் மாவட்டத்து அன்பர் ஒருவர் என்னோடு தங்கியிருந்தார். ஒரே அடுப்பு, ஒரே குளிர்காலக் கம்பளி. மாதக் கடைசியில் இருவருக்கும் ஒரே ஐந்து ரூபாய். பின்னர் இருவருக்கும் திருமணமாயிற்று. தனித்தனிக் குவார்ட்டர்ஸ் கிடைத்தன. எங்கள் தமிழ்ச் சபையில் அவர் பொருளாளர், நான் கமிட்டி அங்கத்தினன்.

1978-ஆம் ஆண்டு அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் 260 ரூபாய்க்குச் சீட்டு இல்லை என்று கமிட்டியில் பேச்சு எழுந்தது. அப்பணம் எங்கே போயிற்று என்பது எனக்குத் தெரியும். வேலைக்கு வந்த இடத்தில் கணவனை இழந்த ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் ஊர் திரும்ப அவர் எடுத்துக் கொடுத்த பணம் அது. அவர்களை ரயிலேற்றிவிட நானும் உடன் சென்றிருந்தேன். குழந்தைகளுக்குப் பிஸ்கோத்து வாங்கிக் கொடுத்தவன் நான். சபையில் யாருக்கும் தெரியக்கூடாது என்று அந்த அம்மாள் மன்றாடிக் கேட்டுக் கொண்டாள். காரணத்தை நான் இன்றும் கூறப்போவதில்லை.

கேள்வி கேட்டவர் எங்கள் அலுவலகத்தில் என் மேலதிகாரி. என் ஆண்டு அந்தரங்க அறிக்கை அவர் மேசையில் இருந்தது. "சந்தேகமாயிருக்கிறது" என்றார். நண்பர், "தர்மத்துக்குச் செலவாயிற்று, விவரம் கூற இயலாது" என்று மட்டும் கூறினார். பெயரைச் சொல்லாமலே, "நான் உடனிருந்தேன், அது உண்மை" என்று ஒரு வாக்கியம் நான் கூறியிருக்கலாம். அப்பெண்ணின் மானமும் கெட்டிராது. நான் குனிந்து என் நாற்காலியின் கைப்பிடியில் பெயர்ந்திருந்த பிரம்பைப் பார்த்துக் கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் ஒருமுறை நோக்கினார். பிறகு நோக்கவில்லை. அடுத்த மாதச் சம்பளத்தில் அத்தொகையைத் தம் கையிலிருந்து கட்டிவிட்டுப் பொறுப்பினின்று விலகிக்கொண்டார். எனக்கு அவ்வாண்டு பதவி உயர்வு வந்தது.

அதன் பின்னும் அவர் என் இல்லத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் மனைவி சுட்ட முறுக்கும் அதிரசமும் எவர்சில்வர் தூக்கில் வந்தன. என் மகளுக்கு டைபாயிடு கண்டபோது இரவெல்லாம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தார். "உனக்குத் தெரிந்திருந்ததே" என்று ஒருநாளும் கேட்டாரில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். திருக்குறளில் நட்பைப் பற்றிய ஐந்து அதிகாரங்களில் பழைமை என்று ஒன்று உண்டு. பழகிய நண்பர் செய்யும் பிழையைப் பொறுப்பது பற்றியது. பள்ளியில் மனப்பாடம் செய்தேன். பொருள் கற்பித்தவர் அவரே.

ஓய்வு பெற்றதும் அவர் ஊருக்குச் சென்றுவிட்டார். இருவரும் வயதானவர்கள். தொலைபேசியில் மழையையும் மூட்டு வலியையும் பற்றிப் பேசுகின்றோம். இதைப் பேசியதில்லை. பேசத் தொடங்கினால் அவர் வேறு பேச்சுக்கு மாற்றிவிடுவார்.

மலர்க் குழுவினர் இவ்வுரையை ஆண்டு மலரில் அச்சிடப் போவதாகக் கூறினார்கள். அவர்களுக்கு என் நன்றி. ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. அச்சான பின் ஒரு பிரதியை என் செலவில் தபாலில் அனுப்பிவைக்க வேண்டும். விலாசத்தை என் கையாலேயே எழுதிக் கொண்டு வந்திருக்கின்றேன்; செயலாளர் அவர்களிடம் தருகின்றேன்.